பிணம் இல்லாமல் சிக்னலைத் தாண்டியவர்

நார்பர்ட் ஸ்டக்மையர் அன்று செய்த காரியத்தை அவர் வேலையில் இருக்கிற எவரும் செய்திருப்பார். வேறு வேலையில் இருக்கிற எவரும் செய்திருக்க மாட்டார். செயின்ட் லூயிஸின் தெற்குப் பக்கத்தில் கிராட்ஸ் இறுதிச் சடங்கு இல்லம் இருக்கிறது. அதன் அமரர் ஊர்தியைக் கால் நூற்றாண்டாக ஓட்டுகிறவர் அவர். மிசௌரி மாநிலத்தில் இறுதி ஊர்வலத்துக்கு ஒரு மரியாதை உண்டு. முன்னால் போகிற கார் பச்சையில் தாண்டிவிட்டால் போதும், அதன் பின்னால் வருகிற அமரர் ஊர்தியும் மற்ற வண்டிகளும், விளக்கு சிவப்பானாலும் சரி, நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். எதிரே வருகிறவர்கள்தான் ஓரம்கட்டி நிற்க வேண்டும். இத்தனை வருஷம் இப்படியே ஓட்டினால் மனிதனுடைய வலது காலுக்கென்று ஒரு புத்தி வந்துவிடாதா?

அன்று செவ்வாய்க்கிழமை, வேலை இல்லாத நாள். சொந்தக் காரில், பின் சீட்டில் ஒரு வெண்ணெய் கேக்கை வைத்துக்கொண்டு ஆஷ்விக் ஹில்ஸ் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் யாருடையதோ ஒரு கறுப்புக் கார் பச்சையில் தாண்டியது. விளக்கு சிவப்பானது. நார்பர்ட் முன்விளக்கை எரியவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில், மிகுந்த துக்கத்தோடு அதன் பின்னாலேயே போனார்.

ஆஷ்விக் ஹில்ஸ் என்பது ஒரு தனி நகரம். நாலு தெரு, ஒரு சிக்னல், ஒரு நகரசபை, ஒரு நீதிமன்றம், சிக்னலுக்குப் பின்னால் மேப்பிள் மரத்தடியில் ஒரு போலீஸ் கார். பெயரில் இருக்கிற மலை ஊரில் கிடையாது.

"சார், சிவப்பு விளக்கு தெரியலையா?" என்று கேட்டார் இளம் காவலர்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"முன்னாடி போன கார் பச்சையில தாண்டிடுச்சு."

"அது யாரு கார்?"

"தெரியாது."

காவலர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். "அது என்ன?"

"கேக். நான் அமரர் ஊர்தி ஓட்டறவன், ஆபீசர். பழக்கதோஷம்."

காவலர் மனசில்லாமல்தான் அபராதச் சீட்டை எழுதினார் என்று சொல்ல வேண்டும். "கேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது, சார்."

அந்தக் கேக் கிளெம் வீகண்டுக்கு. கிளெம் நார்பர்ட்டின் பள்ளித் தோழன், சீட்டாட்டக் கூட்டாளி. வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவன். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஈரல் முழுக்கப் புற்று பரவி, இனி வைத்தியம் இல்லை என்று மருத்துவர்கள் கைவிட்ட பிறகு, கடைசி நாட்களைக் கழிக்கிற விடுதியில் படுத்திருந்தான். அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. நார்பர்ட்டிடம் மட்டும் ஒன்று கேட்டிருந்தான்.

"என் ஆயுசுல பாதி சிவப்பு விளக்கைப் பாத்துக்கிட்டே போச்சுடா. அரை நிமிஷம் லேட்டானாக்கூட மேனேஜர் மெமோ குடுப்பான். ஒரே ஒரு தடவை, ஒரு சிக்னல்லயும் நிக்காம இந்த ஊரைத் தாண்டணும். உன் வண்டியில, நீ ஓட்டி."

"ஓட்டறேன்டா. இதுக்கு ஒரு வேண்டுதலா?" என்று நார்பர்ட் வாக்குக் கொடுத்திருந்தார். அவருக்கு அதைவிட எளிதான வாக்கு ஒன்றும் இருக்க முடியாது.

மறுநாள் காலை முதல் வேலையாக ஆஷ்விக் ஹில்ஸ் நீதிமன்ற ஜன்னலுக்குப் போய் அபராதத்தைக் கட்டினார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி பணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களே கட்டறீங்களா? முழுசா?" என்றாள். "தப்பு பண்ணேன், கட்டறேன்" என்றார் நார்பர்ட். அவள் உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்து காட்டினாள்.

சாயங்காலம் கிளெம்மிடம் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் செவிலி ஓடிவந்துவிட்டாள்.

"கட்டிட்டியா? அட மடையா! கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்டா."

"செஞ்சேன், ஒத்துக்கிட்டேன்."

"இந்த வட்டாரத்துல எவன்டா செஞ்சதை ஒத்துக்கறான்? வக்கீலை வெச்சு சைலன்சர்னு மாத்திக்கணும். என் பஸ் டிப்போவுல சின்னப் பசங்களுக்கெல்லாம் தெரியுமே."

கிளெம் சொன்னது உண்மைதான். அங்கே யாராவது வேகமாகப் போனாலோ சிவப்பில் தாண்டினாலோ ஒரு வக்கீலைப் பிடிப்பார்கள். வக்கீல் அரசுத் தரப்பு வக்கீலிடம் ஒரு வார்த்தை பேசுவார். குற்றம் மாறிவிடும்: 'சைலன்சர் அதிகச் சத்தம்.' அதற்கு அபராதம் இரண்டு மடங்கு. ஆனால் ஓட்டுநர் உரிமத்தில் 'பாயிண்ட்' என்கிற கரும்புள்ளி விழாது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சேதி போகாது. நீதிமன்றப் பதிவுகளை நம்பினால் பூமியிலேயே காது கிழிகிற ஊர் அதுதான். நேரில் போய்ப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அணில் கொட்டையைக் கடிப்பதுகூடக் கேட்கும்.

ஒரு மாதம் கழித்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் பிரெண்ட் லட்லோ கூப்பிட்டார். நார்பர்ட்டின் காருக்கும் அவர்தான் ஏஜென்ட், கிராட்ஸ் இல்லத்து வண்டிகளுக்கும் அவர்தான். மாதா கோயிலின் வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குக் காகிதத் தட்டு வாங்கித் தருகிறவரும் அவரே. தட்டைக் காலி செய்தால் அடியில் அச்சடித்த விளம்பரப் படத்தில் அவருடைய பல் தெரியும்.

"நார்பர்ட்! எப்படி இருக்கீங்க? உங்க ரெக்கார்டுல ரெண்டு பாயிண்ட் விழுந்திருக்கு. கவலையே படாதீங்க. நாங்க யாரையும் தண்டிக்கறதில்ல. புரிஞ்சுக்கறோம், அவ்வளவுதான். புரிஞ்சுக்கிட்டதுக்கு ஏத்த மாதிரி பிரீமியம் ஏறும்."

"கால் நூற்றாண்டா ஒரு கீறல்கூட இல்லையே, பிரெண்ட்."

"அதையும் கம்பெனி கவனிச்சிருக்கு. அவங்க கணக்குப்படி ஒவ்வொரு ஆளுக்கும் ஆயுசுல இத்தனை விபத்துன்னு இருக்கு. நீங்க ஒண்ணுகூடப் பண்ணல. அப்போ எல்லாமே பாக்கி இருக்குன்னுதானே அர்த்தம்?"

 பிரீமியம் ஏறினால் ஏறட்டும், வயிற்றைக் கட்டிச் சமாளிக்கலாம் என்றுதான் நார்பர்ட் நினைத்தார். ஆனால் அடுத்த நாள் முதலாளி கிராட்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார். முகத்தைப் பார்க்காமல் பேசுவது அந்தத் தொழிலில் துக்கச் செய்தி சொல்லும் முறை.

"நார்பர்ட், என் பாலிசியில பாயிண்ட் உள்ள டிரைவர் இருக்கக் கூடாதாம். இருந்தா எல்லா வண்டிக்கும் ரேட் ஏறுமாம். கொஞ்ச நாளைக்கு ராண்டி ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து கதவைத் திறந்து விடுங்க."

ராண்டி முதலாளியின் தங்கை மகன். நாற்பது வயசு. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனதற்காக ஒன்பது முறை பிடிபட்டவன். ஒன்பதும் சைலன்சர். அவன் ரெக்கார்டு பால்போல வெள்ளையாக இருந்தது.

"அப்போ கிளெம்?" என்று நார்பர்ட்டின் மனைவி ரோசலி அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். நார்பர்ட் பன்றி இறைச்சியைக் கத்தியால் ஓரம்கட்டிக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "இந்த வீம்பெல்லாம் போதும், நார்ப். எல்லாரையும் மாதிரி வக்கீலைப் பாரு. அவன் உன்னைத்தான் நம்பிப் படுத்திருக்கான்."

வக்கீல் கிரெய்க் பொமராயின் முகம் நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளில் எல்லாம் இருந்தது. நார்பர்ட்டின் கதையைக் கேட்டவர் முதலில் ஆறுதலாகத் தோளைத் தட்டினார். "நேர்மையா இருந்துட்டீங்க. பரவாயில்ல, சீக்கிரமே வந்துட்டீங்க, சரிபண்ணிடலாம்."

வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். ஆஷ்விக் ஹில்ஸ் நீதிமன்றம் மாலையில்தான் கூடும், ஏனென்றால் பகலில் அது நகரசபையின் உடற்பயிற்சிக் கூடம். நீதிபதி ஆசனத்துக்குப் பக்கத்தில் கூடைப்பந்து வளையம் தொங்கியது. அந்த நீதிபதி வியாழக்கிழமைகளில் பக்கத்து ஊரில் அரசுத் தரப்பு வக்கீல். அங்கே நீதிபதி யார் என்றால், சாட்சாத் பொமராய்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, யார் இன்று யார் என்று நினைவுபடுத்திக்கொண்டு தலையசைத்தார்கள்.

"மிஸ்டர் ஸ்டக்மையர், உங்க வண்டி சைலன்சர் சத்தம் போட்டதா ஒத்துக்கறீங்களா?"

"யுவர் ஹானர், அது பாதி பேட்டரியில ஓடற கார். அன்னைக்கு பேட்டரியிலதான் ஓடுச்சு. சத்தமே வராது. பக்கத்து வீட்டுப் பூனை ரெண்டு தடவை சக்கரத்துல மாட்டிக்கப் பாத்திருக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் சத்தம் போட்டதாக ஒத்துக்கொள்ள வந்தவர்கள். பொமராய் நெற்றியைத் தேய்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை, பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். "இதப் பாருங்க. இந்த ஊர்ல தொழிற்சாலை இல்ல, கடை இல்ல. ஒரு சிக்னல்தான் இருக்கு. என் சம்பளம், அந்த ஆபீசர் சம்பளம், அங்க இருக்கற பசங்க பந்து, எல்லாம் அதுலேர்ந்துதான் வருது. எல்லாரும் சிவப்புல நின்னா நாங்க என்ன பண்றது? எல்லாரும் உண்மையைச் சொன்னா உங்க லைசென்ஸ் எல்லாம் போய், யாருமே இந்தப் பக்கம் வர மாட்டீங்க. அதனால உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு சைலன்சர் வெச்சிருக்கோம். நான் உண்மை என்னன்னு கேக்கல. ஒத்துக்கறீங்களான்னு கேக்கறேன்."

நார்பர்ட் கிளெம்மின் கறுத்த விரல்களை நினைத்தார். அவன் பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போகிற நிலையில் இல்லை. "சத்தம்தான், யுவர் ஹானர்" என்றார். "எவ்வளவு?" என்றார் நீதிபதி. "ரொம்ப" என்றார் நார்பர்ட். பொய் சொன்னதற்கான அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, வெகுநேரம் கை கழுவினார்.

இத்தோடு விட்டது சனி என்று நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். அமரர் ஊர்தியின் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்கிற சந்தோஷத்தில் தொப்பிக்குத் தூசி தட்டி வைத்தார். பிரெண்ட் கூப்பிட்டார்.

"நார்பர்ட், வாழ்த்துகள்! பாயிண்ட் ரெண்டும் போயிடுச்சு. ஆனா சின்ன விஷயம் ஒண்ணு. உங்க பேர்ல சைலன்சர் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. சாதாரணமா இதெல்லாம் எங்க கண்ணுக்கே வராது. கேஸைத் திரும்பத் திறந்ததால கம்ப்யூட்டர் பாத்துடுச்சு. அதுக்குக் கொஞ்சம் பயம்."

"கம்ப்யூட்டருக்கு என்ன பயம்?"

"அறுபது தாண்டின ஆளு, சத்தமே வராத காரு, திடீர்னு சைலன்சர் கேஸ். இந்த வயசுல ஏதோ புதுசா ஆரம்பிச்சிருக்கார்னு நினைக்குது."

"ராண்டிக்கு ஒன்பது இருக்கேய்யா!"

"ராண்டிக்கு அது இயல்பு. அவர்கிட்ட மாற்றமே இல்ல, ஸ்திரமான மனுஷன். உங்ககிட்டதான் மாற்றம் தெரியுது." பிரெண்ட் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. உங்க போன்ல எங்க ஆப் போட்டுக்கங்க. நீங்க எங்க போறீங்க, எப்படிப் போறீங்கன்னு அது பாக்கும். நல்லவர்னு அதுக்குத் தோணிட்டா எல்லாம் சரியாயிடும். கிராட்ஸ்கூட அமரர் ஊர்தியில எங்க பெட்டி ஒண்ணு மாட்டிக்கிட்டாரே, தள்ளுபடிக்காக. சிவப்புல தாண்டினா அது கத்தும்."

"ஊர்வலம் சிவப்புல தாண்டலாம், பிரெண்ட். சட்டமே அப்படித்தான்."

"சட்டம் பெட்டிக்குள்ள போகல. விளக்கு மட்டும்தான் போயிருக்கு."

நார்பர்ட் ஆப்பைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பயந்து மிக ஒழுங்காக வாழ்ந்தார். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்தாலே நின்றார். அமரர் ஊர்தியில் ராண்டி பக்கத்தில் உட்காரும்போதும் போன் பையிலேயே இருந்தது. ரோசலியைக் காரில் பேச வேண்டாம் என்றார். "போன் கேக்குமா என்ன?" என்றாள் அவள். "கேக்கும்னு சொல்லல. கேக்காதுன்னும் சொல்லல" என்றார். கிளெம்மைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் ஒரே கேள்விதான் கேட்டான். "சாவி வந்துடுச்சாடா?" அவர் "இந்த வாரம் வந்துடும்" என்பார். கிளெம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, "நான் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கேன், பாத்துக்க. ரொம்ப நாள் தாங்காது" என்றான். அதைக் கேட்டு நார்பர்ட் வாசலில் நின்று அழுதார்.

கடைசியில் ஆப்பின் தீர்ப்பு வந்தது. பிரெண்ட் இம்முறை ஆபீஸுக்கே வரச் சொல்லி, எதிரே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்.

"உங்க ஓட்டுற முறையில குத்தமே இல்ல. போற இடம்தான் இடிக்குது. காலையில ஆஸ்பத்திரி பிணவறை. மத்தியானம் கல்லறைத் தோட்டம். சாயங்காலம் சாகப்போறவங்க விடுதி. தினமும் இதே. கம்பெனி உங்க வண்டிப் பயணத்தையும் இறப்புப் பதிவையும் ஒப்பிட்டுப் பாத்துச்சு." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "நார்பர்ட், உங்ககூடப் பயணம் பண்ணினவங்கள்ல ஒருத்தர்கூட உயிரோட இல்ல."

"அவங்க ஏறும்போதே அப்படித்தான் இருந்தாங்க!"

"ஏறும்போது எப்படி இருந்தாங்கன்னு எங்ககிட்ட தகவல் இல்ல. இறங்கும்போது எப்படி இருந்தாங்கன்னு இருக்கு."

நார்பர்ட் எழுந்தார். "எனக்கு உங்க பாலிசியே வேண்டாம். காரை ஷெட்டுல பூட்டிடறேன். நிறுத்துங்க."

"ஐயோ, அதை மட்டும் செய்யாதீங்க" என்றார் பிரெண்ட், உண்மையான அக்கறையோடு. "நிறுத்தினா ரெக்கார்டுல இடைவெளி விழும். இடைவெளி விழுந்தவங்களைக் கம்பெனி நம்பாது. மூணு வருஷம் சுத்தமா ஓட்டிக் காட்டினாதான் திரும்ப நம்பும்."

"ஓட்டணும்னா இன்சூரன்ஸ் வேணுமே."

"ஆமா."

"இன்சூரன்ஸ் வேணும்னா சுத்தமா ஓட்டியிருக்கணுமே."

"பாத்தீங்களா, நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க. அதான் எங்களுக்குப் பிடிச்ச வாடிக்கையாளர் நீங்க" என்று பிரெண்ட் கை குலுக்கினார். பாலிசியும் நிற்கவில்லை, ஆப்பும் போனை விட்டுப் போகவில்லை.

கிளெம் அந்த வாரமே இறந்துபோனான். கடைசியாகச் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. நார்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராண்டியாடா?" என்று மட்டும் கேட்டான். 

ஊர்வலத்தில் முதலாளி கிராட்ஸின் கறுப்புக் கார் முன்னால் போனது. அதன் பின்னால் அமரர் ஊர்தி, ராண்டி ஓட்ட. சொந்தக்காரர் என்று யாரும் இல்லாததால் அதை ஒட்டி நார்பர்ட்டின் கார். அன்று ஓட்ட அவருக்கு மனசில்லை, ரோசலிதான் ஓட்டினாள். நார்பர்ட் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்களின் கார்கள், ஒவ்வொன்றின் மேலும் ஊதாக் கொடி. மாதா கோயிலிலிருந்து ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகவே விழுந்துகொண்டு வந்தது. நார்பர்ட்டுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் பாக்கி இருந்தது ஒரே ஒரு சிக்னல்.

ஆஷ்விக் ஹில்ஸ். கிராட்ஸின் கார் பச்சையில் தாண்டியது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பானது. அமரர் ஊர்தி ஒழுங்காக, நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால், நின்றது.

"நின்னுட்டான்" என்றாள் ரோசலி. "நார்ப், அந்தப் பாவி நின்னுட்டான்."

நார்பர்ட் கதவைத் திறந்து இறங்கினார். நடந்து போய் ராண்டியின் கண்ணாடியைத் தட்டினார்.

"போ."

"இன்சூரன்ஸ் பெட்டி கத்தும், நார்பர்ட். மாமா தோலை உரிச்சிடுவார்."

"கத்தட்டும். கேட்டா சைலன்சர்னு சொல்லிக்கலாம்."

பிறகு அவர் சாலை நடுவுக்கு நடந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைக் குறுக்கே வருகிற வண்டிகளை நோக்கி உயர்த்தினார். கால் நூற்றாண்டாகத் துக்கத்தை நடத்திவந்த கை அது. முதலில் ஒரு பால் லாரி நின்றது. அதன் டிரைவர் குல்லாயைக் கழற்றினார். இரண்டு பக்கமும் எல்லாம் நின்றன. நார்பர்ட் திரும்பி ராண்டியைப் பார்த்துத் தலையசைத்தார். அமரர் ஊர்தி நகர்ந்தது. உள்ளே இன்சூரன்ஸ் பெட்டி கத்தத் தொடங்கியது. வெளியே சாலைவரை கேட்டது. சிவப்பு விளக்குக்குக் கீழே, நிதானமாக, கிளெம் வீகண்ட் தாண்டிப் போனான். பின்னால் ரோசலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவளுக்குப் பின்னால் அத்தனை பேருந்து ஓட்டுநர்களும், ஒருவர்கூட நிற்காமல், மேனேஜருக்குக் கேட்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

மேப்பிள் மரத்தடியிலிருந்து அந்த இளம் காவலர் கடைசிக் கார் தாண்டும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வந்தார். அவர் கையிலும் தொப்பி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"நீங்களா சார்?"

"நான்தான்."

"நடந்து வந்து போக்குவரத்தை மறிச்சிருக்கீங்க. எழுதித்தான் ஆகணும். மரத்துல கேமரா இருக்கு."

"எழுதுங்க. நடக்கறதுக்கும் பாயிண்ட் உண்டா?"

"இல்ல. ஆனா உங்க கம்பெனி எப்படி எடுத்துக்கும்னு சொல்ல முடியாது." காவலர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை நேரா போய்க் கட்டிடாதீங்க, சார். வக்கீலைப் பாருங்க. இதையும் சைலன்சர்னு மாத்திக்கலாம்."

நார்பர்ட் சீட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். ஊர்வலம் கல்லறைத் தோட்டத்து வளைவில் மறைந்துவிட்டது. அவரும் போக வேண்டும், மண் போட வேண்டும். சாலையைக் கடப்பதற்காக ஓரத்துக்கு வந்தார். நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பாக இருந்தது. பையில், ஆப் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு வண்டிகூட வராத அந்தச் சாலையில், நின்றார்.